48 மணி நேரம், 1000 சொல், ஒரு கதை... நேரம் வைத்து நடக்கும் சிறுகதைப் போட்டிகள்: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

முருகனைப் பற்றிப் பாட வேண்டும். ஆனால் பாட்டு ‘செருப்பு’ என்று தொடங்கி, ‘விளக்குமாறு’ என்று முடிய வேண்டும். 15-ஆம் நூற்றாண்டுப் புலவர் காளமேகத்திடம் இப்படி ஒரு சவால் வைக்கப்பட்டதாகவும், அவர் நின்ற இடத்திலேயே பாடி முடித்ததாகவும் தமிழில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

கொடுத்த சொல்லை வைத்து அந்த நேரத்திலேயே பாடுபவரை ‘ஆசுகவி’ என்று அழைத்தார்கள். கிட்டத்தட்ட அதே விளையாட்டுதான் இன்று இணையத்தில் சிறுகதைப் போட்டியாக நடக்கிறது. வகை, இடம், பொருள் எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். கையில் 24 மணி நேரமோ 48 மணி நேரமோ இருக்கும். அதற்குள் கதையை எழுதி அனுப்பிவிட வேண்டும்.

உலகின் எந்த மூலையில் இருப்பவரும் சேரலாம் என்பதால், தமிழ்நாட்டில் இருந்தும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இதில் இறங்க முடியும். ஆனால் கட்டணம் டாலரில். ஒரு வார இறுதி முழுசாகப் போய்விடும். ஜெயிப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அப்படியென்றால் இதில் சேர்வதால் என்ன லாபம்? எதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தப் போட்டி எப்படி நடக்கிறது?

வழக்கமான சிறுகதைப் போட்டியில் வாரக்கணக்கில் அவகாசம் இருக்கும். பழைய நோட்டில் இருக்கும் கதையைத் தூசி தட்டி அனுப்பினாலும் யாருக்கும் தெரியாது. நேரம் வைத்து நடக்கும் போட்டியில் அது நடக்காது. என்ன எழுத வேண்டும் என்பதே கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

இதில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் ‘என்ஒய்சி மிட்நைட்’. 2002-ல் தொடங்கப்பட்டது. இவர்களின் ‘ஃபிளாஷ் ஃபிக்ஷன்’ போட்டியில் பங்கேற்பாளர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கதை வகை, ஓர் இடம், ஒரு பொருள் கொடுக்கப்படும். முதல் சுற்றில் 48 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 1000 சொற்களில் கதை எழுத வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் முன்னிலை பெறுபவர்கள் மட்டும் அடுத்தடுத்த சுற்றுக்குப் போவார்கள்.

இதே அமைப்பு நடத்தும் ‘ஷார்ட் ஸ்டோரி’ போட்டியில் முதல் சுற்றுக்கு 8 நாள் அவகாசம். அடுத்த சுற்றில் அது 3 நாளாகக் குறையும், கடைசிச் சுற்றில் 24 மணி நேரம்தான். சுற்று ஏற ஏற நேரமும் சுருங்கும், சொல் எண்ணிக்கையும் சுருங்கும். 100 சொல்லில் முடிக்க வேண்டிய குட்டிக் கதைப் போட்டியும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் ‘ஃபியூரியஸ் ஃபிக்ஷன்’ என்ற போட்டி 2018-ல் வந்தது. ‘ஆஸ்திரேலியன் ரைட்டர்ஸ் சென்டர்’ தொடங்கியது. 55 மணி நேரம், 500 சொல் என்பது தொடங்கியபோது அவர்கள் வைத்த கணக்கு. கனடாவின் ‘3 டே நாவல்’ போட்டி இன்னும் கொஞ்சம் கடுமையானது. 1977-ல் வான்கூவரில் பிறந்த இந்தப் போட்டியில், 3 நாளில் ஒரு குறுநாவலையே எழுத வேண்டும்.

விதிகளும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அதனால் சேரும் ஆண்டின் விதிப் பக்கத்தைப் படிப்பதுதான் பாதுகாப்பு.

நம்ம ஊர் நேரத்தில் எப்போது?

பலர் தடுமாறும் இடம் இதுதான். அமெரிக்கப் போட்டிகள் பெரும்பாலும் நியூயார்க் நேரத்தைப் பின்பற்றுகின்றன. அங்கே வெள்ளிக்கிழமை இரவு 11.59 மணிக்குப் போட்டி தொடங்கினால், கோடைக்கால நேரக் கணக்கில் இங்கே சனிக்கிழமை காலை 9.29 மணி. 48 மணி நேரம் கழித்து, அதாவது திங்கள்கிழமை காலை 9.29 மணிக்குப் போட்டி முடியும்.

அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அதைத் திரும்ப மாற்றுவார்கள். அதனால் குளிர்காலத்தில் நமக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் பத்தரை மணி நேரம். கோடையில் ஒன்பதரை மணி நேரம். இந்த ஒரு மணி நேரக் குழப்பத்தில் கதை கையில் இருந்தும் அனுப்ப முடியாமல் போகலாம்.

இந்தியாவில் இருப்பவருக்கு இதில் ஒரு நல்லதும் இருக்கிறது, ஒரு கெட்டதும் இருக்கிறது. நல்லது என்னவென்றால், அங்கே நடுராத்திரியில் வரும் குறிப்பு இங்கே காபி குடிக்கும் நேரத்தில் வருகிறது. கெட்டது, முடிகிற நேரம் திங்கள் காலை. ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் சப்மிட் செய்யும் நிலைமை வரலாம். ஞாயிறு இரவு படுக்கும் முன் அனுப்பிவிடுவதுதான் இங்கிருப்பவர்களுக்கு உண்மையான கெடு.

கொடுத்த பொருளை என்ன செய்வது?

காளமேகம் கதைக்கே திரும்பலாம். செருப்பு என்ற சொல்லை அவர் பாட்டின் ஓரத்தில் ஒளித்து வைக்கவில்லை. ‘செரு’ என்றால் போர் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு, சொல்லையே போர்க்களத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ‘விளக்குமாறு’ என்பதையும் ‘விளக்கும்படி’ என்று மாற்றிப் போட்டார். கட்டளையாக வந்த சொல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை.

இந்தப் போட்டிகளிலும் அதுதான் வேலை. உதாரணத்துக்கு இப்படி ஒரு குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: வகை பேய்க்கதை, இடம் பஸ் டிப்போ, பொருள் டிபன் பாக்ஸ்.

முதலில் என்ன தோன்றும்? நள்ளிரவு கடைசி பஸ், காலியான சீட், டிக்கெட் வாங்காத ஒரு பயணி. எல்லோருக்கும் இதுதான் தோன்றும். ஒரு குழுவில் 30 பேர் இருந்தால், நடுவர் இதே பயணியைப் பத்துத் தடவை சந்தித்திருப்பார். டிபன் பாக்ஸ் எங்கே? அது யாரோ ஒருவர் மடியில் சும்மா இருக்கும். விதிப்படி அது சரிதான். ஆனால் அதை எடுத்துவிட்டு ஒரு குடையை வைத்தாலும் கதை மாறாது.

அதே குறிப்பை வேறு மாதிரி யோசிக்கலாம். பஸ்ஸில் பயணிகள் தவறவிடும் பொருட்களை வைத்திருக்கும் ஓர் அறை டிப்போவில் இருக்கிறது. தினமும் மதியம் ஒரு மணிக்கு ஒரு கண்டக்டர் அந்த ஜன்னலில் வந்து நின்று தன் டிபன் பாக்ஸைக் கேட்கிறார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் தர முடியும் என்கிறார் கிளார்க். கண்டக்டரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அவர் இறந்து ஒரு வாரம் ஆகிறது. மனைவி கடைசியாகக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அவர் திறக்கவே இல்லை.

இப்போது டிபன் பாக்ஸை எடுத்தால் கதையே நின்றுவிடும். டிப்போவும் வெறும் பின்னணி இல்லை. அதன் பதிவேடும் கையெழுத்தும்தான் தடை. பேய்க்கு ஓர் ஆசை இருக்கிறது, எதிரே ஒரு மனிதர் இருக்கிறார். ஒரே இடம், இரண்டு பேர், ஒரு கேள்வி: கிளார்க் கொடுப்பாரா, மாட்டாரா? 1000 சொல்லுக்கு இது தாராளம்.

என்ஒய்சி மிட்நைட் விதிகளிலும் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கொடுத்த இடத்தில்தான் கதை முக்கியமாக நடக்க வேண்டும். கொடுத்த பொருள் பேச்சில் வந்துபோனால் போதாது, கதைக்குள் நேரில் இருக்க வேண்டும்.

48 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

48 மணி நேரம் என்றாலும் தூக்கம், சாப்பாடு, வீட்டு வேலை, வார இறுதியில் வரும் கல்யாணம், காதுகுத்து எல்லாம் போக எழுதக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான். அதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

• சனிக்கிழமை காலை: எழுத வேண்டாம். குறைந்தது ஐந்து யோசனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கும்.

• சனிக்கிழமை மதியம்: ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிவு என்ன என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். முடிவு தெரியாமல் தொடங்கினால், சொல் கணக்கு தீர்ந்த பிறகும் கதை நடுவழியில் நிற்கும்.

• சனிக்கிழமை இரவு: ஒரே மூச்சில் முதல் வடிவம். 1000 சொல்லுக்கு 1300 வந்தாலும் பரவாயில்லை. திரும்பிப் பார்த்துத் திருத்த வேண்டாம்.

• ஞாயிறு காலை: வெட்டும் வேலை. முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை புரிகிறது என்றால் அந்தப் பத்தி தேவையில்லை.

• ஞாயிறு மாலை: வாய்விட்டுப் படிப்பது. நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, என்ன நடந்தது என்று மட்டும் கேட்பது. நல்லா இருக்கா என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும்.

• ஞாயிறு இரவு: சொல் எண்ணிக்கை, கோப்பு வடிவம், தலைப்பு எல்லாம் சரிபார்த்து சப்மிட்.

இந்தப் பட்டியலில் டைப் செய்யும் வேலை ஒரே ஒரு இரவுதான். மீதி நேரமெல்லாம் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கத்தான் போகிறது. வேகமாக எழுதுபவருக்கான போட்டி என்று வெளியில் இருந்து பார்த்தால் தோன்றும். உள்ளே போனால், வேகமாக முடிவெடுப்பவருக்கான போட்டி என்பது புரியும்.

யோசனை உடனே வராவிட்டால் பயப்பட வேண்டாம். 1816-ல் ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் மாட்டிக்கொண்ட நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அங்கிருந்த 18 வயது மேரிக்குப் பல நாட்கள் எதுவுமே தோன்றவில்லை. கடைசியில் அவருக்குத் தோன்றிய கதைதான் 1818-ல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலாக வந்தது. மேரி ஷெல்லிக்கு 48 மணி நேரக் கெடு இல்லை என்பது வேறு விஷயம்.

நல்ல கதை இருந்தும் எங்கே தோற்கிறார்கள்?

விதி மீறல்: 1000 சொல் என்றால் 1000. ஒரு சொல் கூடினாலும் நிராகரிக்கும் போட்டிகள் உண்டு. எந்த மென்பொருளின் எண்ணிக்கை செல்லும் என்பதையும் விதியில் பாருங்கள். பல போட்டிகளில் எழுதியவர் பெயர் கதைக்குள் இருக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவு வைத்து எழுதிய கதைகளுக்கும் இப்போது பல இடங்களில் தடை இருக்கிறது.

வகையை மறப்பது: நகைச்சுவை கேட்டால் சோகக் கதையில் இரண்டு ஜோக் வைப்பது உதவாது. படிக்கத் தொடங்கிய சில வரிகளிலேயே இது எந்த வகைக் கதை என்பது நடுவருக்குத் தெரிய வேண்டும்.

ஆள் கூட்டம்: 1000 சொல்லில் ஆறு பாத்திரங்கள் வந்தால், பெயரை நினைவில் வைப்பதே வாசகர் வேலையாகிவிடும்.

எல்லாம் கனவு: கடைசி வரியில் அதிர்ச்சி கொடுப்பதற்காக, அதுவரை நடந்ததை எல்லாம் இல்லை என்று ஆக்கிவிடுவது. நடுவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டுப் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் இருந்தால், ரூபாய்க் கணக்கில் சில ஆயிரம் வரை போகலாம். கார்டில் கட்டும்போது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே ‘ஆன்’ செய்ய வேண்டும். கட்டணக் கெடு முடியும் நாளில் இதைக் கண்டுபிடித்தால் சிக்கல்.

அதைவிட முக்கியமானவை மூன்று கேள்விகள்.

1. கதை யாருடையது? கதையின் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்று விதியில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அனுப்பிய எல்லாக் கதைகளையும், பணம் தராமல், எப்போது வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பரிசு பெறாத கதையும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

2. கதையை வெளியிடுவார்களா? இணையத்தில் ஒருமுறை வெளியான கதையைப் பல இதழ்கள் ‘ஏற்கெனவே பிரசுரமானது’ என்றே பார்க்கும். பரிசுக் கதையை மட்டும் வெளியிடுகிறார்களா, எல்லாவற்றையுமா என்று பாருங்கள்.

3. ஃபீட்பேக் உண்டா? கட்டணத்துக்குக் கைமேல் கிடைக்கும் பலன் பெரும்பாலும் இதுதான். என்ஒய்சி மிட்நைட் போட்டியில் நடுவர்களுக்கு என்ன பிடித்தது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுத்தில் கருத்து அனுப்புவார்கள்.

30 பேர் குழுவில் 5 பேர் தேர்வாகிறார்கள் என்று வைத்தால், ஆறு பேரில் ஐந்து பேர் முதல் சுற்றிலேயே வெளியே. அதனால் பரிசுத் தொகையைப் பார்த்து மட்டும் பணம் கட்டுவது லாட்டரிச் சீட்டு வாங்குவது போல. இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் இருந்தால், தோற்றாலும் கையில் ஏதாவது மிஞ்சும்.

தமிழில் எழுதுபவர்கள் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன போட்டிகள் எல்லாம் ஆங்கிலத்துக்கானவை. ஆனால் முறை மொழிக்கு உட்பட்டது இல்லை. கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஒரு தலைப்பைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் எழுதச் சொல்வது நமக்குப் பழகியதுதான்.

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்தால் போதும். துண்டுச் சீட்டுகளில் வகை, இடம், பொருள் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். சனிக்கிழமை காலை சீட்டை எடுத்து, ஞாயிறு இரவு வாட்ஸ்அப் குரூப்பில் கதையைப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது, உரிமைச் சிக்கலும் கிடையாது. யார் எழுதியது என்று தெரியாமல் ஒருவர் வாசித்துக் காட்டினால், விமர்சனமும் உண்மையாக வரும்.

சொல் கணக்கில் மட்டும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் ‘இன் தி ஹவுஸ்’ என்று மூன்று சொல்லாக இருப்பது தமிழில் ‘வீட்டில்’ என்று ஒரே சொல். அதனால் ஆங்கிலத்தின் 1000 சொல் கதை, தமிழில் அதைவிடக் குறைந்த சொல்லிலேயே முடிந்துவிடும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் இரண்டு. இதற்கு என்ன விதி என்பதைத் தொடங்கும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கதையை விட்டுவிட்டுச் சந்தியைப் பற்றித்தான் சண்டை நடக்கும்.

தோற்ற கதையை என்ன செய்வது?

முடிவு வந்த அன்று நடுவர் கருத்தை ஒருமுறை படித்துவிட்டு மூடிவிடுங்கள். கோபம் இருக்கும். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் படியுங்கள். இரண்டு நடுவர்கள் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் அது அவர் ரசனையாகவும் இருக்கலாம்.

பிறகு கதையைத் திறந்து, போட்டிக்காகச் சேர்த்ததை எடுத்துவிடலாம். இப்போது டிபன் பாக்ஸ் கட்டாயம் இல்லை, 1000 சொல் எல்லையும் இல்லை. அந்தக் கண்டக்டருக்கு இன்னும் 500 சொல் வேண்டுமென்றால் கொடுக்கலாம். உரிமை உங்களிடம் இருந்தால், அதை இதழ்களுக்கும் அனுப்பலாம்.

கதை எழுத ஆசைப்பட்டு, முதல் பத்தியோடு நின்றுபோன நோட்டுகள் பல வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன. இந்தப் போட்டிகள் எல்லோருக்கும் பரிசு கொடுப்பதில்லை. ஆனால் திங்கள் காலை 9.29 மணிக்குள் அனுப்பிய ஒவ்வொருவர் கையிலும் கடைசி வரி வரை முடிந்த ஒரு கதை இருக்கும். அது உங்கள் பெயரிலேயே இருக்கிறதா என்பதை மட்டும் பணம் கட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.